பழைய மாருதி டிசையரை இப்போதே எடுப்பதா, புதுசு வரும்வரை பொறுப்பதா?

8 செப்டம்பர் 2024, கேள்வி

"டிசையர் விஎக்ஸ்ஐ பெட்ரோல், மேனுவல் பார்த்து வச்சிருக்கேன். ஷோரூம்ல 45,000 குறைச்சுத் தர்றோம், ஆயுத பூஜைக்கு வண்டி உங்க வீட்டு வாசல்ல நிக்கும்ங்கறாங்க. புது மாடல் எப்போன்னு கேட்டா 'அதெல்லாம் அடுத்த வருஷம் சார்'ங்கறாங்க. மாசம் 1000 கி.மீ. ஓட்டுவேன், பத்து வருஷம் வச்சுக்குவேன். எடுத்துடலாமா?"

8 செப்டம்பர் 2024, இரவு

அடுத்த வருஷம் என்பதை நம்ப வேண்டாம். கையில் இருக்கும் சரக்கைத் தள்ளுவதுதான் விற்பவர் வேலை, அதில் தப்பும் இல்லை. மே 9 அன்று புது ஸ்விஃப்ட் வந்துவிட்டது. ஸ்விஃப்டுக்கு டிக்கி வைத்தால் டிசையர். ஸ்விஃப்ட் மாறி ஆறு மாதத்துக்குள் டிசையரும் மாறிவிடும், இதுதான் எப்போதும் நடப்பது. 2011 ஆகஸ்டில் ஸ்விஃப்ட், 2012 பிப்ரவரியில் டிசையர். தீபாவளிக்கு முன்னால் வந்துவிடும் என்பது என் கணக்கு.

என்ன மாறும் என்பதை ஸ்விஃப்டை வைத்தே சொல்லிவிடலாம். பழைய நாலு சிலிண்டர் இன்ஜின் (90 பிஎஸ், 113 நியூட்டன் மீட்டர்) போய், மூன்று சிலிண்டர் (82 பிஎஸ், 112) வரும். கொள்ளளவு இரண்டிலும் 1197 சிசிதான். ஆறு ஏர்பேக் அடிப்படை வேரியன்டிலிருந்தே இருக்கும். நீங்கள் பார்த்திருக்கும் வண்டியில் இரண்டு.

9 செப்டம்பர் 2024

நேற்றைய குறிப்பில் ஒரு தப்பு. "எப்போதும்" என்று எழுதியிருக்கக் கூடாது. 2017 மேயில் டிசையர்தான் முதலில் வந்தது, அதே தலைமுறை ஸ்விஃப்ட் 2018 பிப்ரவரியில் பின்னால் வந்தது. ஆக, ஒன்று மாறினால் மற்றது ஒரு வருடத்துக்குள் மாறும் என்பது வரைதான் நிச்சயம். முந்துவது எது என்பதற்கு விதி ஏதும் இல்லை.

9 செப்டம்பர் 2024, பிறகு

"மூணு சிலிண்டரா, ஆட்டோ மாதிரி அதிருமே" என்று ஒருவர். அதிரும், ஆனால் அவ்வளவு இல்லை. ஏசி ஓட, வண்டி நின்று ஐடிலில் இருக்கும்போது ஸ்டீயரிங்கில் லேசாகத் தெரியும். இரண்டாவது கியரில் ஊர்ந்து வேகத்தடை ஏறி, மறுபடி ஆக்சிலேட்டரை மிதிக்கும் இடத்தில் இன்னொரு தரம் தெரியும். 40-ஐத் தாண்டினால் மறந்துவிடும். பழைய நாலு சிலிண்டரின் சுகம் உயர் சுழற்சியில்தான்: நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது மூன்றாவது கியரில் இழுத்துக்கொண்டே போகும். அந்தச் சுகம் வேண்டுமென்றால் பழையதை எடுக்க அதுவே நியாயமான காரணம்.

புதியதில் ஒரு ஸ்பார்க் பிளக் மிச்சம் என்பதையும் லாபக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

முடிவை இன்டர்நெட்டில் எடுக்க வேண்டாம். ஷோரூமில் புது ஸ்விஃப்ட் நிற்கிறது. அதை ஏசியை முழுதாக வைத்து, நாலு பேர் உட்கார்ந்து, ஒரு மேம்பாலம் ஏறி இறங்கிப் பாருங்கள். வரப்போகும் டிசையரின் இன்ஜின் அதுதான்.

15 செப்டம்பர் 2024

மாடல் மாறுகிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது, மாறுவது எது என்பது. பம்பர், விளக்கு, அலாய் வீல், தொடுதிரை மட்டும்தான் என்றால் அது ஒப்பனை. தள்ளுபடியில் பழையதை எடுத்துவிட்டு, திரை வேண்டுமென்றால் வெளியே வாங்கி மாட்டிக்கொள்ளலாம். உடற்கூடு, இன்ஜின், ஏர்பேக், சீட்பெல்ட் மாறினால் அது வேறு வண்டி. பக்கவாட்டு, கர்ட்டன் ஏர்பேக்கைப் பின்னால் எந்த மெக்கானிக்கும் மாட்டித் தர முடியாது. சீட், கூரை ஓரம், சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் அதற்கென்றே ஆலையில் அமைந்திருக்க வேண்டும்.

நட்சத்திர மதிப்பீட்டை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பழைய ஸ்விஃப்ட் 2022-இல் குளோபல் என்கேப்பில் (கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் அமைப்பு) ஒரே நட்சத்திரம் வாங்கியது. புதியதும் ஹார்டெக்ட் என்ற அதே பெயர்கொண்ட அடித்தளம்தான். மிஞ்சிப் போனால் மூன்று.

22 செப்டம்பர் 2024

கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "ஷோரூம்ல இன்னைக்கு 55 ஆக்கிட்டாங்க." தேதி நெருங்குவதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அந்த 55-ஐப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ரொக்கத் தள்ளுபடி எவ்வளவு, எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு, கார்ப்பரேட் எவ்வளவு என்று தனித்தனியாக. மாற்றிக்கொள்ள உங்களிடம் பழைய கார் இல்லையென்றால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் உங்களுக்குக் கிடையாது. எங்களிடமே இன்சூரன்ஸ், எங்களிடமே லோன் என்ற நிபந்தனையில் நிற்கும் தள்ளுபடியும் உண்டு. வெளியே ஒரு இன்சூரன்ஸ் கொட்டேஷன் எடுத்து ஒப்பிடுங்கள். 1000 முதல் 1500 சிசி வரை புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் தரப்புப் பிரீமியம் 10,640 ரூபாய், வரி தனி. இது அரசு நிர்ணயித்தது, எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். சொந்தச் சேதப் பகுதியிலும் ஆட்-ஆனிலும்தான் ஷோரூம் இன்சூரன்ஸ் வீங்கும். கூடவே "ஹேண்ட்லிங்", "எசென்ஷியல் கிட்" என்று பில்லில் இரண்டு செலவு நுழைந்திருக்கும். இரண்டையும் வேண்டாமென்று சொல்லலாம்.

23 செப்டம்பர் 2024

பழைய மாடலை எடுத்தால் நாளைக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்ற பயம் இந்த வண்டிக்குப் பொருந்தாது. ஊரில் ஓடும் டாக்ஸியில் பாதி இதுதானே. ஹெட்லைட், பம்பர், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் மாவட்டத் தலைநகர்க் கடைகளிலேயே கிடைக்கும். கவலை மறுவிற்பனை விலையில்தான். புது வடிவம் தெருவில் நிற்க ஆரம்பித்ததும் முந்தின வடிவம் ஒரு படி இறங்கும். மூன்று வருடத்தில் விற்பவருக்கு அந்தப் படி தள்ளுபடியைத் தின்றுவிடும். பத்து வருடம் வைத்திருந்தால் இரண்டும் பழசுதான்.

வாரண்டியில் வித்தியாசம் இல்லை. மூன்று வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. என்று ஜூலை 2024-இல் மாற்றிவிட்டார்கள், பழைய மாடலுக்கும் சேர்த்து.

6 அக்டோபர் 2024

ஆயுத பூஜைக்கு (11-ஆம் தேதி) எடுத்தே தீர்வேன் என்பவர்களுக்கு மட்டும். மாடல் முடியும் சமயத்தில் யார்டில் (ஷோரூம்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடம்) மாதக்கணக்கில் நின்ற வண்டி கைக்கு வரும். பணம் முழுதாகக் கட்டும் முன், உங்கள் பேரில் இன்வாய்ஸ் போடும் முன், யார்டிலேயே பகலில் பார்க்க வேண்டும்.

சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 17 எழுத்தில் பத்தாவது எழுத்து பெரும்பாலும் வருடக் குறி: பி (P) என்றால் 2023, ஆர் (R) என்றால் 2024. உற்பத்தி மாதத்தைப் படிவம் 21-இல் (விற்பனைச் சான்று) எழுத்தில் கேளுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2224 என்றால் 2024-இன் 22-ஆவது வாரம். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் இருக்க வேண்டும். பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள்: ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. பலமுறை வெறுமையான பேட்டரியைச் சார்ஜ் போட்டுத் தந்தால் அடுத்த மழைக்காலத்தில் காலை வாரும், மாற்றித் தரச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து ஒயர் உறைகளைப் பாருங்கள். யார்டில் எலிதான் முதல் உரிமையாளர்.

பிரேக் டிஸ்க்கில் செந்துரு படலம் பயப்படத் தக்கதல்ல, நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். ஒரே இடத்தில் நின்று டயர் தட்டையானால் 60, 70-இல் அதிர்வு வரும். சூடேறி இருபது கிலோமீட்டரில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் டயரை மாற்றித் தர வேண்டும்.

1 நவம்பர் 2024

நேற்றோடு தீபாவளி முடிந்தது, டிசையர் வரவில்லை. என் கணக்கு பொய்த்தது. சிரித்துக்கொள்ளுங்கள்.

4 நவம்பர் 2024

இன்று புக்கிங் திறந்தார்கள், 11,000 ரூபாய். 11-ஆம் தேதி விலை அறிவிப்பு. தீபாவளிக்குப் பழைய சரக்கு காலியாகட்டும் என்றே பொறுத்திருக்கிறார்கள் போல. இது என் ஊகம்தான்.

புக் செய்பவர்கள் இரண்டைப் படிவத்தில் எழுதி வாங்குங்கள். ரத்து செய்தால் முழுத்தொகை திரும்புமா? விலை எந்த நாளுடையது? பெரும்பாலான படிவங்களில் பொடி எழுத்தில் "டெலிவரி அன்று நிலவும் விலை" என்றுதான் இருக்கும். புக் செய்த நாள் விலை உங்களுக்கு உறுதியில்லை.

8 நவம்பர் 2024

வாயை மூடிக்கொள்கிறேன். குளோபல் என்கேப்பில் புது டிசையருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம், 34-க்கு 31.24. குழந்தைகளுக்கு நாலு. மாருதியின் வண்டி ஒன்று அங்கே ஐந்து வாங்குவது இதுவே முதல்முறை. மூன்றுக்கு மேல் தாண்டாது என்று செப்டம்பர் 15-இல் எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும். பெயர் ஒன்றாக இருந்தால் இரும்பும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்ததில் வந்த தப்பு.

11 நவம்பர் 2024

விலை வந்துவிட்டது. கீழ் வேரியன்டிலிருந்து வரிசையாக: எல்எக்ஸ்ஐ 6.79 லட்சம், விஎக்ஸ்ஐ 7.79, இசட்எக்ஸ்ஐ 8.89, இசட்எக்ஸ்ஐ பிளஸ் 9.69. ஏஎம்டிக்கு (கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமேட்டிக் கியர்) எங்கும் 45,000 கூடுதல். டிசம்பர் 31 வரை அறிமுக விலை.

கேட்டவருக்கான கணக்கு: பழைய விஎக்ஸ்ஐ ஏழரை லட்சம் என்று வைத்தால் விலை வித்தியாசம் 29,000. இழக்கும் தள்ளுபடி 45,000. சாலை வரி 13 சதவீதத்தில் சுமார் 3,800 கூடும். ஆகப் பொறுத்ததன் விலை ஏறக்குறைய 78,000. (55 என்று பின்னால் ஏற்றியதில் எக்ஸ்சேஞ்ச் பங்கு இருந்ததால் அதை எடுத்துக்கொள்ளவில்லை.)

மைலேஜில் திரும்புமா? லிட்டருக்குப் பழையது 22.41 கி.மீ., புதியது 24.79. மாதம் 1000 கி.மீ.க்கு நாலேகால் லிட்டர் மிச்சம். லிட்டர் 101 என்று வைத்தால் வருடத்துக்கு 5,200 ரூபாய்க்குள். 78,000-ஐ எடுக்கப் பதினைந்து வருடம். மைலேஜுக்காகப் பொறுத்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த 78,000 கூடுதல் நாலு ஏர்பேக்குக்கும் நல்ல உடற்கூட்டுக்கும் கொடுக்கும் விலை. பின்சீட்டில் பிள்ளைகள் உட்காரும் வண்டி, பத்து வருடம் ஓடும் வண்டி என்றால் நான் கொடுப்பேன். தனியாளாக ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் கொடுக்காமல் விட்டாலும் குறை சொல்ல மாட்டேன்.

11 நவம்பர் 2024, பின்னிரவு

தமிழ்நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. இசட்எக்ஸ்ஐ பிளஸ் ஏஎம்டி 10.14 லட்சம். 2023 நவம்பர் முதல் நம் வாழ்நாள் வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10-ஐத் தாண்டினால் 18. தாண்டிய 14,000-க்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும் 18. மேனுவலுக்கு வரி 1,25,970. ஏஎம்டிக்கு 1,82,520. ஏஎம்டியின் 45,000 கூட வரியில் 56,550 சேர்கிறது. இன்னும் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி முன்பணம்) 10,140, அது வருமான வரிக் கணக்கில் திரும்பும், ஆனால் இன்று கையிலிருந்து போக வேண்டும். இடது காலுக்கு ஓய்வு தர ஒரு லட்சத்துக்கு மேல்! ஒரு படி இறங்கி இசட்எக்ஸ்ஐ ஏஎம்டி 9.34 எடுங்கள். சன்ரூஃபும் 360 டிகிரி கேமராவும் போகும். நம் வெயிலுக்குச் சன்ரூஃப் போனதற்கு யாரும் அழப் போவதில்லை.

16 நவம்பர் 2024

சிஎன்ஜி பற்றிக் கேட்டிருந்தார்கள். கிலோவுக்கு 33.73 கி.மீ. என்பது கவர்ச்சிதான். 382 லிட்டர் டிக்கியில் பெரும்பங்கைச் சிலிண்டர் பிடித்துவிடும், இன்ஜினும் 70 பிஎஸ் அளவுக்கு இறங்கும். நாலு பேர், பெட்டி, மலைப்பாதை என்றால் வேண்டாம். உங்கள் வழக்கமான வழியில் பங்க் இருக்கிறதா, மாலை ஆறு மணிக்கு அங்கே வரிசை எவ்வளவு என்று ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

3 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் நிறையத் தண்ணீர். அடுத்த சில வாரங்களில் அந்தப் பக்கத்து யார்டிலிருந்து டெலிவரி எடுப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பாருங்கள். சீட்பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக்கோடு தெரியும், அந்தப் பகுதியை யாரும் துடைப்பதில்லை. ஸ்டெப்னிக் குழியில் மண், சீட் தண்டவாளத்தில் துரு, கால்மிதி விரிப்புக்கு அடியில் ஈரம். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலும் சந்தேகப்படுங்கள்.

5 டிசம்பர் 2024

நேற்று புது ஹோண்டா அமேஸும் வந்தது, 8 லட்சத்திலிருந்து. நாலு சிலிண்டர், சிவிடி (கியர் படிகள் இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் ஆட்டோமேட்டிக்), 416 லிட்டர் டிக்கி. "அப்போ இன்னும் பொறுக்கலாமா?" என்று ஒருவர். இப்படியே பொறுத்தால் நடந்தே பழகிவிடும். இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்பவருக்கு ஏஎம்டியின் கியர் மாற்றத்தில் வரும் தலையாட்டலும் சிவிடியின் வழுக்கலும் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

14 டிசம்பர் 2024

நாளன்றைக்கு மார்கழி. நம் ஊரில் புது வண்டி எடுக்காத மாதம், அதுவே வருடக் கடைசியும். பேரம் பேச இதைவிடத் தோதான இரண்டு வாரம் கிடையாது. பழைய டிசையர் எங்காவது ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால் இப்போது கேளுங்கள்.

புது டிசையருக்குப் பலர் செய்யும் தப்பு வேறு. மார்கழியில் பணம் கட்டி, தை பிறந்ததும் டெலிவரி எடுக்கிறார்கள். கையில் வருவது 2024 உற்பத்தி, 2025 பதிவு. ஆர்சியில் உற்பத்தி மாதமும் வருடமும் இருக்கும். விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் பார்த்து விலை சொல்வார், நீங்கள் பொங்கலுக்குப் பூஜை போட்டதை அல்ல. தையில்தான் வேண்டும் என்றால் ஜனவரி 2025 உற்பத்தி என்று எழுதி வாங்குங்கள். 2024 உற்பத்தியைத்தான் தருவோம் என்றால் அதற்கு விலை குறையட்டும்.

ஜனவரி முதல் 4 சதவீதம் வரை விலை ஏறும் என்று வேறு அறிவித்திருக்கிறார்கள். "இன்றே இன்வாய்ஸ் போடுங்கள்" என்று நெருக்குவார்கள். போட்டுக்கொள்ளலாம், வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகு.

30 ஜூன் 2025

சின்னத் தொடர்ச்சி. இத்தனை நாளும் பழைய வடிவம் டூர் எஸ் என்ற பெயரில் டாக்ஸிக்காகத் தொடர்ந்தது. இந்த மாதம் டூர் எஸ்ஸும் புது வடிவத்துக்கு மாறிவிட்டது. புது முகம் டாக்ஸி ஸ்டாண்டில் நிற்க ஏழு மாதம் பிடித்தது.

5 செப்டம்பர் 2025

ஒரு வருடம் கழித்து இந்த இழைக்கு உயிர் வந்திருக்கிறது. 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு: நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீதமும் 1 சதவீத செஸ்ஸும் போய் 18 மட்டும். 22-ஆம் தேதி முதல் நடைமுறை.

இப்போது கையில் புக்கிங் வைத்திருப்பவர்கள் 22-க்கு முன் இன்வாய்ஸ் போட விடாதீர்கள். இன்வாய்ஸும் முழுப் பணமும் இரண்டுமே 22-க்கு முன் என்றால், வண்டியை 25-ஆம் தேதி எடுத்தாலும் பழைய வரிதான். வண்டி நிற்கட்டும், புக்கிங் தொகைக்கு மேல் எதுவும் கட்டாதீர்கள்.

புது விலைக்கு வழி: ஷோரூம் விலையை 1.29-ஆல் வகுத்து 1.18-ஆல் பெருக்குங்கள். 6.84 லட்ச எல்எக்ஸ்ஐ 6.26 ஆகும்.

22 செப்டம்பர் 2025

நவம்பர் 11 பின்னிரவுக் குறிப்பு காலாவதி. இசட்எக்ஸ்ஐ பிளஸ் ஏஎம்டி 10.19-இலிருந்து 9.32 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. 10-க்குக் கீழே வந்ததால் சாலை வரி 18-இலிருந்து 13: 1,83,420 இருந்த இடத்தில் 1,21,160. விலையில் 87,000, வரியில் 62,000, டிசிஎஸ் இல்லை.

போன நவம்பரில் என் பேச்சைக் கேட்டு ஒரு படி இறங்கி எடுத்தவர்கள் இந்த வரிகளைப் படிக்காமல் தாண்டிப் போகவும். இனி எடுப்பவர்கள் சன்ரூஃபோடே எடுக்கலாம். சன்ஃபிலிம் ஒட்டுவதாக இருந்தால் முன், பின் கண்ணாடியில் 70, பக்கக் கண்ணாடியில் 50 சதவீத ஒளி ஊடுருவ வேண்டும்.